எதிர்த்தாக்குதல் துணைக்குழு

முதல் நாள் பயிற்சிக்குப் போன தந்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகப் பயிற்சியாளரிடம் போய், "சார், அந்தப் பக்கத்துக் கோல் எங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கேள்வியில் தப்பே இல்லை. கால்பந்து மைதானம் என்றால் இரண்டு பக்கமும் கோல்கம்பம் இருக்கும் என்பது பந்தைக் காலால் தொடாதவர்களுக்கும் தெரியும். ஆனால் தேசியக் கால்பந்துக் கழகத்தின் பயிற்சி மைதானத்தில் ஒரு பக்கம்தான் இருந்தது. மறு பக்கத்தில் தரையோடு தரையாக அறுத்துவிட்ட இரண்டு இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூந்தொட்டி வைத்துத் தண்ணீரும் ஊற்றி வந்தார்கள்.

பயிற்சியாளருக்கு வீராங்கனைகள் வைத்திருந்த பெயர் சிமெண்ட். அவர் கோபப்படவில்லை. புதுசா வந்த பெண், பாவம் என்கிற மாதிரி சிரித்தார்.

"அது எதிரணியோட கோல்மா. அதை அவங்கதானே பாத்துக்கணும்? அவங்க பொருளை நாம எதுக்கு இங்க வச்சுக் காவல் காக்கணும்?"

தந்தி என்பதும் பட்டப்பெயர்தான். பெரிய ஆஸ்பத்திரியில், வார்டில் எடுத்த ரத்தக் குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அவளுக்கு. நடந்து போனால் போதும். ஆனால் அவளுக்கு நடக்க வராது. நர்ஸ் குப்பியில் பேரை ஒட்டி முடிப்பதற்குள் கையை நீட்டுவாள், லிஃப்டுக்குக் காத்திருக்கிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாடிப்படியில் இறங்கிக் காணாமல் போவாள். கூடத்தில் இருப்பவர் காலடிச் சத்தத்தைக் கேட்டே "தந்தி வந்தாச்சு" என்பார். அந்த ஓட்டத்தைச் சாயங்காலம் பந்தோடு ஓடி, உள்ளூர்ப் போட்டிகளில் கோல் கோலாகப் போட்டுத்தான் தேசிய அணிக்குள் வந்தாள். ஆசை ஒன்றே ஒன்றுதான். நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கோல். பேராசையெல்லாம் இல்லை, ஒன்று போதும்.

சிமெண்ட் கரும்பலகையில் புள்ளி வைத்தார். நம் கோலுக்கு முன்னால் ஐந்து, அதற்கு முன்னால் நாலு. அப்புறம் யோசித்து, அந்த நாலுக்கு நடுவில் இன்னொன்றையும் நெருக்கிச் செருகினார்.

"அது யாரு சார்?"

"அதான் நீ. நம்ம முன்கள வீராங்கனை."

"முன்களம்னா... இது நம்ம பெனால்டி பெட்டிக்குள்ள இருக்கே சார்?"

"கோல்கீப்பருக்கு முன்னாடிதானே இருக்கே? அப்ப முன்களம்தான்."

தந்தி தற்காப்புக்கு விரோதி இல்லை. பலசாலி அணி வரும்போது கீழே இறங்கி நெருக்கி நிற்கத்தான் வேண்டும், இண்டு இடுக்கெல்லாம் அடைக்கத்தான் வேண்டும். அடைக்க அடைக்க அவர்கள் ஆட்களை மேலே மேலே அனுப்புவார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். பந்து நம் காலில் சிக்கிய நொடியில் அந்தக் காலியிடத்துக்குள் பாயணும். நாலு மூச்சு விடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். உள்ளூர் அணியில் இதைச் செய்துதான் அவள் பேர் வாங்கினாள். தேசிய அணியில் இந்தப் பாடத்தில் அடைக்கிற முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அறுத்த குழாயா? மேல பூந்தொட்டியா?"

"ஆமாங்க. எவன் அறுத்தானோ, அவன் கை விளங்குமா?"

வெல்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கோவிச்சுக்காதே. அது நான்தான்."

விஷயம் இதுதான். ஒருமுறை நம் அணி ஆடிக்கொண்டிருக்கும்போது, ஆட்டம் தொடங்கிய சூட்டோடு விளக்குகள் எல்லாம் அணைந்து போய்விட்டன. திரும்ப எரியவே இல்லை. எதிரணிக்கு ஊருக்குத் திரும்ப விமானம் இருந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கழகத்துக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாபெரும் சமநிலையின் நினைவாகத் தலைமை அலுவலக வாசலில் ஒரு வளைவு எழுப்புவதென்று தீர்மானம் போட்டார்கள். இரும்புக்கு எங்கே போவது? பயன்பாட்டில் இல்லாத கோல்கம்பம் ஒன்று இருக்கிறதே என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வெல்டரைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லி, வாசலில் நட்டு, மேல்கம்பத்தில் "நல்வரவு" என்று எழுத்து ஒட்டச் சொன்னார்கள். வலை கழகத் தலைவர் வீட்டு மாடிக்கு அவரைக்கொடி படரப் போனது.

"உள்ள யாரும் கோல் போடப் போறதில்ல, அறுங்கன்னு சொன்னாங்க. நானும் அறுத்துட்டேன்" என்றார் வெல்டர்.

"நான் போடப் போறேன்ல?"

"அப்ப நீ அணியிலயே இல்லையேம்மா!"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் கடை ஷட்டரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோல் வரைந்துவிட்டார். பிராயச்சித்தமாம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் தந்தி அந்த ஷட்டரில் பந்தடித்துப் பழகினாள். இடது கீழ் மூலையில் பட்டால் "டங்"கென்று ஒரு தனிச் சத்தம் வரும். தெருவே அவளைத் திட்டியது. அவள் கேட்டால்தானே.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் எதிர்த்தாக்குதல் துணைக்குழுவைப் பற்றித் தெரிந்தது. கழகத்தில் எதற்கும் ஒரு முறை இருக்கிறது. யாராவது நடுக்கோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பெரியவர்கள் கூடிப் பேசி ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் வெள்ளைக்கொடி ஆட்டுவார்கள். சம்மதித்துவிட்டால் பச்சைக்கொடி.

"பச்சைக்கொடியை நீங்க பாத்திருக்கீங்களா அக்கா?" என்று தந்தி கேட்டாள்.

கேட்டது கோல்கீப்பரிடம். அணியிலேயே மூத்தவள், எல்லோருக்கும் அக்கா. கையுறையைக் கழற்றிக்கொண்டே அக்கா சிரித்தாள்.

"கொடியா? அது இருக்கான்னே தெரியாது. நான் பாக்க ஆசைப்படறது வேற. இந்தக் கோல்ல நின்னு நின்னு, உங்க எல்லார் முதுகும் என் மூஞ்சியில இடிக்கிற மாதிரிதான் பாத்திருக்கேன். ஒரு முதுகாவது ஓடி ஓடித் தூரத்துல சின்னதாப் போறதைப் பாக்கணும்டி."

மறுநாள் ஆட்டத்தில் தந்திக்குப் பந்து கிடைத்தது. எதிரே ஒரு ஈ காக்கா இல்லை. நடுக்கோடு வரை பறந்து வந்தவள், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்று மேடையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக்கொடி ஆடியது. பெரியவர்களில் ஒருவர், எதிர்த்தாக்குதல் என்றால் முதலில் எதிரி தாக்கியிருக்க வேண்டுமே, இப்போது நடந்தது தாக்குதல்தானா என்று சந்தேகம் எழுப்பியிருக்கிறார். இன்னொருவர் தாக்குதல்தான் என்றார். மூன்றாமவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் எதையுமே பார்க்கவில்லை. தந்தி காத்திருந்தாள். எதிரணிப் பெண்கள் நிதானமாக நடந்து வந்து, அவள் காலில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு போய் நமக்குக் கோல் போட்டார்கள். அப்படியே நாலு.

தலைவர் உடை மாற்றும் அறைக்கே வந்து பாராட்டிப் பேசினார். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து அவர் பேசியது இது:

"நாலே நாலு! சென்ற முறை ஆறு. இதே வேகத்தில் முன்னேறினால் வெகு விரைவில் நாம் தோற்பதே தெரியாது. சிலர் கேட்கிறார்கள், நாமும் ஒரு கோல் போட்டால் என்ன என்று. போடலாம். போட்டால் என்ன ஆகும்? மக்கள் இன்னொன்று கேட்பார்கள். இன்றைக்குத் தோற்றால் நம் பெண்கள் பாவம் என்கிறார்கள். நாளைக்கு ஜெயிக்க ஆரம்பித்துவிட்டால், தோற்கும்போது கழகம் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். இத்தனை காலம் அந்தக் கேள்வி வராமல் காத்ததுதான் நம் உண்மையான தற்காப்பு!"

சிமெண்ட் கை தட்டினார். மேடையைத் திரும்பிப் பார்த்த தன் கழுத்தின் மேல்தான் தந்திக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு பயிற்சி இன்னும் முன்னேறியது. பந்து இருந்தால் கவனம் சிதறுகிறது என்று பந்தை எடுத்துவிட்டார்கள். பதினோரு பேரும் வெறும் மைதானத்தில் இடமும் வலமுமாகச் சேர்ந்து நகர்ந்தார்கள். வேலியோரம் நின்று பார்த்த ஒரு தாத்தா, இது என்ன வைத்தியம், எந்த நோய்க்கு என்று கேட்டார். அடுத்து, பயிற்சிக்கு வரும் எதிரணி வேகமாக ஓடி நம்பிக்கையைக் குலைக்கிறது என்று அவர்களுக்குப் பதில் நாற்காலிகளைப் போட்டார்கள். நாற்காலிகளுக்கு எதிராக நம் அணி ஒரு கோல்கூட வாங்கவில்லை. பத்திரிகைகளுக்குச் செய்தி போனது.

இந்த லட்சணத்தில்தான் பெரிய ஆட்டம் வந்தது. அண்டை நாட்டு அணி, நம்மைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிற அணி. ஆனால் அன்றைக்கு அக்காவுக்கு அருள் வந்த மாதிரி இருந்தது. வந்த பந்தையெல்லாம் பிடித்தாள், தட்டினாள், முகத்தில்கூட வாங்கினாள். முன்னால் ஐந்தும் நாலும் ஒட்டிப்போட்ட மாதிரி நின்றார்கள். உண்மையைச் சொல்லணும், சிமெண்ட் கட்டிய சுவர் நல்ல சுவர்தான். ஆட்டம் முடியப் போகிறது, இன்னும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தலைவர் மேடையில் எழுந்து நின்று, இன்னொரு வளைவுக்கு இடம் இருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பொறுமை இழந்து ஆளெல்லாம் மேலே ஏறி வந்துவிட்டார்கள். பந்து உயர வந்தது. அக்கா எகிறி அள்ளிக்கொண்டாள். இறங்கும்போதே அவள் கண் தந்தியைத் தேடியது. தந்தி ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தாள்.

"போடி!" என்று கத்திக்கொண்டே அக்கா உதைத்த பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் போய் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து குதித்தது. மேடையில் வெள்ளைக்கொடி ஆடியது. "நில்லும்மா! பேசிட்டு இருக்கோம்!" என்று ஒரு குரல் கேட்டது. தந்தி திரும்பவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் எந்தக் குழுவைக் கேட்டு இறங்கினாள், இங்கே கேட்பதற்கு? எதிரணிக் கோல்கீப்பர் பதறிக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள். தந்தி பந்தை ஒரு தட்டுத் தட்டி முன்னால் விட்டாள், இடது கீழ் மூலையைப் பார்த்தாள், அடித்தாள். ஷட்டர் சத்தம் வரவில்லை. வலை லேசாக உப்பி அடங்கியது.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மக்கள் மேடை இடிந்து விழுகிற மாதிரி குதித்தார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நம் அணிக்குத்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கோல் விழுந்தால் பந்தை எடுத்துக்கொண்டு போய் நடுவில் வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டியது நாம்தான் என்பது பழகிப்போன பழக்கம். இரண்டு பேர் பந்தை எடுத்து வந்து பயபக்தியோடு நடுவில் வைத்து நின்றார்கள். நடுவர் விரட்டினார்.

"ஏம்மா, கோல் போட்டது நீங்க. அவங்கதான் ஆரம்பிக்கணும்."

"அப்ப நாங்க எங்க சார் நிக்கணும்?"

அதற்குள் துணைக்குழுப் பெரியவர்கள் மூச்சிரைக்க மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். "சார், இந்தக் கோல் செல்லாது. நாங்க அனுமதி குடுக்கல" என்றார் ஒருவர்.

"நீங்க எந்த அணி?" என்றார் நடுவர்.

"இதே அணிதான்."

நடுவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நீள விசில் ஊதினார். நாம் ஜெயித்துவிட்டோம். அக்கா கோலுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். "சின்னதாகிட்டே போச்சுடி உன் முதுகு, சின்னதாகிட்டே போச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த வாரம் விசாரணை. வீராங்கனைகளுக்கு எப்போதும் பின்வாசல்தான். விசாரணைக்கு மட்டும் முன்வாசல் வழியாக வரச்சொன்னார்கள். தலைமை அலுவலகம் பயிற்சி மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. வாசலில் நல்வரவு வளைவின் மேல் ஏணி போட்டு வெல்டர் உட்கார்ந்திருந்தார். கழகம் கூப்பிட்டிருந்தது. "நல்வரவு" என்பதற்குக் கீழே "அனுமதி பெற்று முன்னேறுவோம்" என்று இன்னொரு வரி ஒட்ட வேண்டுமாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போனாள்.

அறையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்வரிசையில் நாலு பேர், பின்வரிசையில் ஐந்து பேர், இடைவெளி இல்லாமல். எல்லோருக்கும் பின்னால், ஜன்னலை ஒட்டித் தலைவர்.

"நீ நல்ல பொண்ணு" என்று தலைவர் அங்கிருந்தே ஆரம்பித்தார். "ஜெயிச்சது தப்புன்னு நாங்க சொல்லல. ஜெயிச்ச விதம் தப்பு. இன்னிக்கு நீ கேக்காம ஓடினே. நாளைக்கு அணியே கேக்காம ஓடும். அப்புறம் துணைக்குழு எதுக்கு? துணைக்குழு இல்லேன்னா குழு எதுக்கு? குழு இல்லேன்னா நான் எதுக்கு?"

கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

செயலாளர் இளகிய குரலில் வழி சொன்னார். "பெரிசா ஒண்ணும் வேணாம்மா. பந்தை வெளிய தள்ளத்தான் உதைச்சேன், அது தானாப் போய் உள்ள விழுந்துடுச்சுன்னு பத்திரிகைக்காரங்க முன்னாடி சொல்லிடு. அணியில இருக்கலாம். அடுத்த ஆட்டத்துலயே இருக்கலாம். இல்லேன்னா அந்தச் சட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போக வேண்டியதுதான்."

தந்தி சட்டையைக் குனிந்து பார்த்தாள். அந்தச் சட்டைக்காக எத்தனை சாயங்காலம், எத்தனை திட்டு. ஒரு பொய் சொன்னால் போதும், ஓடிக்கொண்டே இருக்கலாம். சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம் அந்த வலை லேசாக உப்பி அடங்கியது கண்ணுக்குள் வந்தது. அதைப் போய் தானாக நடந்தது என்று சொல்வதா?

"நான்தான் அடிச்சேன்" என்றாள். "வேணும்னேதான் அடிச்சேன். இடது மூலையைப் பாத்து, அங்கதான் போகணும்னு அடிச்சேன். இன்னொரு தடவை விட்டாலும் அடிப்பேன். சட்டையை வேணும்னா வச்சுக்குங்க. கோலை எடுத்துக்க முடியாது."

நாட்டுச் சட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். உள்ளே ஆஸ்பத்திரிச் சட்டை போட்டிருந்தாள். விடுவிடுவென்று வெளியே வந்தவள் வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சுண்ணாம்பு அடித்துக் காகிதப் பூச் சுற்றியிருந்தாலும் கோல் கோல்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேலே இருந்த வெல்டர்.

"என்னைக் கழட்டி விட்டுட்டாங்க. நீங்க இதை அறுங்க."

"எதை?"

"இதைத்தான். நீங்கதானே அறுத்தீங்க? எங்கிருந்து அறுத்தீங்களோ அங்கயே கொண்டு போய் வைங்க."

வெல்டர் ஏணியை விட்டு இறங்கி, முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு காஸ் கட்டரைப் பற்ற வைத்தார். பின்வாசலில் என்ன ஆகுமோ என்று காத்திருந்த அக்காவும் மற்றப் பெண்களும் தீப்பொறியைப் பார்த்து ஓடி வந்தார்கள். எல்லோரும் தோள் கொடுத்தார்கள். கம்பம் சாய்ந்து தோள்களில் இறங்கியது. மைதானத்தைப் பார்த்து நடந்தார்கள்.

காவலாளி மூச்சு முட்ட விசாரணை அறைக்கு ஓடினார். "ஐயா, வளைவைத் தூக்கிட்டுப் போறாங்க! தடுக்கட்டுமா?"

ஒன்பது பேரும் எழுந்து ஜன்னலோரம் நெருக்கியடித்தார்கள். யாரும் வாசலைத் தாண்டவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் முன்வரிசையைப் பார்த்தார்.

"தடுக்கணும்னா இங்கேயிருந்து ஓடணும். ஓடினா அது எதிர்த்தாக்குதல் ஆயிடும்" என்றார். "முதல்ல துணைக்குழுவைக் கூப்பிடுங்க."

துணைக்குழு கூடியது. முதலில், நடந்திருப்பது தாக்குதல்தானா என்று பேசினார்கள். மூன்றாமவர் கண்ணாடியைத் தேடினார். ஜன்னல் வழியாக வெள்ளைக்கொடி வெளியே நீண்டு ஆடியது.

அதற்குள் பூந்தொட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, வெல்டர் பழைய குழாய்களின் மேலேயே கம்பத்தை உட்காரவைத்து ஒட்டிவிட்டார். மேல்கம்பத்தில் "நல்வரவு" அப்படியே இருந்தது. அதையும் பெயர்த்துவிடட்டுமா என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. "இது எதிரணிக் கோல்தானே. நமக்கு நல்வரவு."

சூடு ஆறும்வரைகூடத் தந்தி பொறுக்கவில்லை. பந்தை நடுவில் வைத்தாள். பந்து இல்லாமல் ஆடிப் பழகிய பத்துப் பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள், அக்கா உட்பட. ஜன்னலில் கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என்ன நிறம் என்று ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒன்றாக நடுக்கோட்டைத் தாண்டி ஓடினார்கள்.